கண் தறியில், காது போனில்

நான் ஆரணியில் நாளிதழ் நிருபராகச் சேர்ந்தபோது செய்தி பஸ்ஸில்தான் போகும். தாளில் எழுதி, போட்டோவோடு கவரில் போட்டு ஒட்டி, வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், அங்கே ஆபீஸ் பையன் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வான். கவரைப் பிரித்த கொஞ்ச நேரத்தில் டெஸ்கிலிருந்து போன் வரும். "நீ நேர்ல பார்த்தியா, யாராவது சொன்னாங்களா? சொன்னவர் பேர் என்ன? ஸ்டேஷன்ல கேட்டியா? எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?" இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அன்றைக்கு அந்தச் செய்தி கிடையாது. எழுதக் கற்றுக்கொண்டதெல்லாம் பிறகுதான். அந்தக் கேள்விகள்தான் என் தொழில்.

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப்புடவை. வியாபாரிகளைக் கேட்டால் அரிசியையும் சேர்த்துச் சொல்வார்கள். டவுனில் ஜவுளிக் கடைகளும் ரைஸ் மில்களும் இருந்தாலும், தறி அதிகம் ஓடுவது சுற்றுக் கிராமங்களில்தான்: சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம். பல வீடுகளில் முன்னறையே தறிக்குழி. கால் மிதியில் இருக்கும், கை நாடாவை இழுத்துக்கொண்டிருக்கும், பாவில் ஒரு இழை அறுந்தாலும் கண்ணில் பட்டாக வேண்டும். முன்பு பக்கத்தில் ரேடியோ பாடும். இப்போது அந்த இடத்தில் போன். நெய்கிறவர்களுக்குத் திரையைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அதனால் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் எழுத்தைவிட, படத்தைவிட, அதிகம் ஓடுவது ஆடியோ. யாரோ ஒருவர் நம் ஊர்ப் பேச்சில், பதற்றமான குரலில், "இத எல்லாருக்கும் அனுப்புங்க" என்று முடிப்பார். தறியை நிறுத்தாமலே கேட்டு, நாடாவை வைத்துவிட்டு ஒரு விரலால் அனுப்பிவிடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொய்ப் பிரச்சாரத்தை எப்படித் தடுப்பது என்று டெல்லியிலும் ஐரோப்பாவிலும் நிறையப் பேசுகிறார்கள். சர்வர், அல்காரிதம், போலிக் கணக்கு என்று அந்தப் பேச்சு போகும். இந்தக் காதைப் பற்றி அதில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊருக்கு எந்தப் பொய்யும் அந்நிய முகத்தோடு வந்ததில்லை. எங்கே பிறந்திருந்தாலும் ஆரணி எல்லைக்குள் நுழையும்போது அதற்கு வட ஆற்காட்டுக் குரல் வந்துவிடும்.

2018 ஏப்ரல், மே மாதங்களில் அதை முழுசாகப் பார்த்தேன். வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் முழுக்க ஆடியோ சுற்றியது. ஒரு நாள் கும்பல் செய்யாற்றில் இருக்கும், மறுநாள் சேத்துப்பட்டில் இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டுக் கேட்டேன். எங்கேயும் ஒரு குழந்தையும் காணாமல் போகவில்லை, ஒரு புகாரும் இல்லை. எல்லோரும் பக்கத்து ஊரைக் காட்டினார்கள். இது என் தொழிலில் பழகிய அடையாளம். உண்மையில் நடந்த சம்பவத்துக்கு ஒரு தெருவும் அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயும் இருப்பார்கள்.

மே 9ஆம் தேதி, போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர் கிராமத்தில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அவர்களில் மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் உண்டு. அங்கே நின்ற குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்து அடித்தது. 65 வயதான ஒரு அம்மா இறந்துபோனார், மற்றவர்கள் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தில் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வெளியூர் உறவினர் வருவது எங்கள் மாவட்டத்தில் அன்றாடம் நடப்பது. முன்பின் தெரியாத குழந்தைக்கும் மிட்டாய் கொடுக்கும் ஊர் இது. அந்த ஊர்தான் அன்றைக்கு அப்படிச் செய்தது. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்தக் கொலைக்கு எந்த அந்நிய நாட்டு உளவுத் துறையும் காரணமில்லை. ஆனால் அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய பயத்துக்குத் தீனி போட்ட படங்கள் வெளிநாட்டுப் படங்கள். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் வீடியோ கராச்சியில் எடுத்தது. அங்கே காணாமல்போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பின் விழிப்புணர்வுப் படம் அது. அசல் படத்தில் பைக்கில் வந்தவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கி விட்டுவிட்டு, கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். வரிசையாகக் கிடத்தியிருந்த குழந்தைகளின் உடல்கள் இன்னொரு படம். சிரியாவில் 2013இல் நடந்த விஷ வாயுத் தாக்குதலில் இறந்த குழந்தைகள் அவர்கள். உறுப்புகளுக்காகக் கொல்லப்பட்டவர்கள் என்று குரல் போட்டு இங்கே அனுப்பினார்கள்.

அத்திமூருக்குப் பிறகு சில நாள் கழித்து முள்ளிப்பட்டில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அந்தக் கராச்சி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தறியிலிருந்து எழுந்து வந்த ஒரு அக்காவிடம், "ஆடியோவ நிறுத்திட்டு, வெறும் படத்த மட்டும் பாருங்கக்கா" என்றேன். முதல் தடவை அவர் குழந்தையை மட்டும்தான் பார்த்தார். பதறினார். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பசங்கள் போட்டிருந்த நீள ஜிப்பா, சந்தின் வீட்டு அமைப்பு, கதவுகள் என்று கண் போனது. "தம்பி, இது நம்ம பக்கம் இல்ல. வேலூர்ல கூட இப்பிடித் தெரு கெடையாது" என்றார். "அப்ப அந்தக் குரல்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "குரல் நம்ம ஆளு குரலு. படம் யார் ஊட்டுதோ" என்றார். பிறகு அவரே சொன்னார்: "பட்டா, பாலியஸ்டரான்னு நூலைக் கொளுத்தி மோந்து பார்த்துத்தான் வாங்குறோம். இதையும் அப்பிடித்தான் பாக்கணும்போல."

அதற்குப் பிறகு நான் எங்கே பேசப் போனாலும் முதலில் சத்தத்தை அணைக்கச் சொல்கிறேன். படத்தையும் குரலையும் பிரித்துவிட்டால் பாதிப் பொய்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். மீதிக்கு போனே போதும். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் முன்பு எப்போது, எந்த ஊரில் வெளியானது என்று பெரும்பாலும் வந்துவிடும். பிறகு கடைப் பலகை எழுத்து, வண்டி நம்பர் பிளேட், போலீஸ் யூனிஃபார்ம் நிறம், மழையா வெயிலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதில் எதுவும் பெரிய வித்தை கிடையாது. சேவூரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் என்னைவிட வேகமாகச் செய்கிறாள்.

கொலைகள் நடந்த பிறகுதான் கொள்கை அசைந்தது. 2018 ஜூலை 17ஆம் தேதி தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும், வெறுப்பைத் தூண்டும் தகவல்கள் பரவுவதைத் தடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம், வேறிடத்திலிருந்து வந்த செய்திக்கு மேலே 'ஃபார்வர்டட்' என்று காட்டத் தொடங்கியது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குரூப்புக்கு மேல் அனுப்ப முடியாதபடியும் செய்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு சமயத்தில் ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று உலகம் முழுக்கக் குறைத்தார்கள். களத்திலிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன், இந்தக் கட்டுப்பாடு பலன் தந்தது. எது பொய் என்று அது யாரையும் தீர்ப்புச் சொல்ல விடவில்லை. ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தது. ஒரு வதந்தி சேத்துப்பட்டிலிருந்து ஆரணிக்கு வர இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுத்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிடுவேன்.

அரசு மறுப்புச் சொன்னால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பத்து ரூபாய் நாணயத்தைச் சொல்ல வேண்டும். அது செல்லாது என்று ஒரு வதந்தி. மளிகைக் கடையில் வாங்க மாட்டார்கள், டவுன் பஸ்ஸில் சண்டை வரும். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே, வெவ்வேறு காலங்களில் வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. நானும் செய்தி போட்டேன். அதன் பிறகும் நெடுநாள் எங்கள் ஊரில் அந்த நாணயம் கைமாறவில்லை. கடைக்காரர், "செல்லும்னு எனக்குத் தெரியும் சார், ஆனா நான் கொடுத்தா மத்தவன் வாங்க மாட்டானே" என்றார். இந்தியாவின் மைய வங்கி எழுத்தில் சொன்னதை, முகம் தெரியாத ஒருவர் வாயால் சொன்னது வென்றுவிட்டது. மறுப்பு சரியாக இருப்பது பாதி வேலைதான். ஊரில் நாலு பேர் மதிக்கிறவர் வாயிலிருந்து அது வரவேண்டும்.

வேண்டுமென்றே வெளிநாட்டிலிருந்து செய்யப்படும் பிரச்சாரமும் எங்கள் மாநிலத்தைத் தொட்டிருக்கிறது. 2021 டிசம்பர் 8ஆம் தேதி குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்தார். எங்கள் பக்கத்து மக்களுக்கு அது எங்கோ நடந்த விபத்தாக இல்லை. ஆரணியிலிருந்து வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலத்தைத் தாண்டினால் கம்மவான்பேட்டை. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர், ராணுவப்பேட்டை என்றே பெயர். சதி என்றும் குண்டு என்றும் ஆடியோக்கள் வந்தபோது அந்தத் தெருக்களில் எத்தனை பேர் தூங்காமல் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதே மாதம் மத்திய அரசு 20 யூடியூப் சானல்களையும் 2 இணையதளங்களையும் முடக்கியது. பாகிஸ்தானிலிருந்து ஒருங்கிணைந்து இயங்கியவை என்றும், காஷ்மீர், ராணுவம், சிறுபான்மையினர் ஆகியவற்றோடு பிபின் ராவத் மரணத்தையும் வைத்துப் பிளவை உண்டாக்கும் வீடியோக்களைப் போட்டவை என்றும் சொன்னது. 55 கோடிக்கும் மேல் பார்வைகள். பிறகு முப்படை விசாரணை தன் முதற்கட்ட முடிவில், சதியோ இயந்திரக் கோளாறோ கவனக்குறைவோ காரணமில்லை, எதிர்பாராமல் வானிலை மாறியதில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்று கண்டறிந்தது. அந்த முடிவை ஃபார்வர்ட் செய்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

சானல்களை முடக்கியதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடக்குவதற்கு முன்பே அவை கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டுவிட்டன. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஈ.யூ. டிஸ்இன்ஃபோலேப் என்ற அமைப்பு, இந்தியாவின் நலனுக்காக ஐரோப்பாவில் போலி ஊடகங்களை நடத்திய ஒரு வலைப்பின்னலைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அதில் தனக்குத் தொடர்பில்லை என்று இந்திய அரசு மறுத்தது. எந்த நாட்டுப் பெயர் வந்தாலும் என் கேள்விகள் அதேதான். நம் நாட்டுக்குச் சாதகமான பொய் என்றால் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளும் நிருபரை, அவர் நமக்கு எதிரான பொய்யை மறுக்கும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

இதை 2025 மே மாதம் கண்ணால் பார்த்தோம். பாகிஸ்தானுக்கு எதிரான ஆபரேஷன் சிந்தூர் தொடங்கிய பிறகு ஓர் இரவில், நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சிலவே கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று கூவின. அப்படி எதுவும் நடக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பொய்களும் குறைவில்லை. பெய்ரூட்டில் 2020இல் நடந்த வெடிவிபத்து வீடியோ, இந்தியா மீது தாக்குதல் என்று வந்தது. 2021இல் எண்ணெய் டேங்கர் வெடித்த வீடியோ, ஹசீரா துறைமுகம் தாக்கப்பட்டது என்று வந்தது. ஏ.டி.எம். எல்லாம் இரண்டு மூன்று நாள் மூடிவிடுவார்கள் என்ற செய்தி எங்கள் தறிக்காரர்களைப் பணம் எடுக்க ஓடவைத்தது, வாரக் கூலி வாங்கிய நேரம். மத்திய அரசின் 'பி.ஐ.பி. ஃபேக்ட் செக்' ஒவ்வொன்றையும் மறுத்தது, நல்ல வேலை செய்தது. ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எக்ஸ் தளத்தில் வந்த மறுப்பு தறிக்குழிக்கு எப்படி வரும்?

அந்த நாட்களில் சுற்றிய ஒரு வீடியோவில், இந்திய ராணுவத்தின் '20 ராஜ் பட்டாலியன்' முகாமைப் பாகிஸ்தான் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். கம்மவான்பேட்டையில் ஓய்வுபெற்ற ஒரு சுபேதாரிடம் அதைக் காட்டினேன். முழுதும் பார்க்கவே இல்லை. "இந்தப் பேர்ல நம்ம ஆர்மில பட்டாலியனே கெடையாது தம்பி. இவன் பட்டாளத்துல இருந்தவனே இல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அதையே ஆடியோவாகப் பதிவு செய்யச் சொன்னேன். தன் பெயர், பணியாற்றிய ரெஜிமென்ட் எல்லாம் சொல்லி ஒரு நிமிடம் பேசினார். ஒரு மணி நேரத்தில் ஒண்ணுபுரத்திலிருந்து எனக்கே அது ஃபார்வர்டாக வந்தது. பி.ஐ.பி.யும் அதையேதான் சொல்லியிருந்தது. பெயர் சொல்லிப் பேசிய உள்ளூர்க் குரல், பெயர் சொல்லாத குரலை அன்றைக்குத் தடுத்து நிறுத்தியது. என் தொழிலில் நான் செய்தவற்றில் நெஞ்சார நிறைவு தந்தவற்றில் இது ஒன்று.

பொய்யின் இலக்கு நாமே ஆகும்போது எப்படி இருக்கும் என்பதை 2023 மார்ச் சொல்லிக் கொடுத்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் பையன்களைப் பார்க்கப் போனேன். எல்லாருக்கும் ஊரிலிருந்து அம்மாவின் போன். ஒருவன், "பய்யா, இங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னா அம்மா நம்பல, அழுவுறாங்க" என்றான். அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு தாமே வீடியோவில் வந்து, அவற்றில் ஒன்று திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று பிரித்துச் சொன்னார். பீகார் அரசின் குழு வந்து பார்த்தது. விரைவாகவும் விவரமாகவும் மறுத்ததால் அது அடங்கியது. 'இது பொய், நம்பாதீர்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த அம்மாக்கள் அழுகையை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியது. மத்திய அரசோ, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவு செய்யும் பிரிவுக்கு விதி கொண்டுவந்தது. அந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நான் அந்தத் தீர்ப்பின் பக்கம். அரசு தன் மறுப்பை உரக்கச் சொல்லட்டும், ஆதாரத்தோடு சொல்லட்டும். தன்னைப் பற்றிய செய்தியை நீக்கவைக்கும் அதிகாரம் அதன் கையில் போனால், நாளைக்கு நூல் விலை பற்றியோ கூலி பாக்கி பற்றியோ நான் எழுதும் செய்திக்கும் அதே முத்திரை விழும்.

இலங்கையில் நடந்தது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2018 பிப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை கிளம்பியது. அடுத்த மாதம் கண்டி மாவட்டம் திகனயில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசு சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. சிங்களம் படிக்கத் தெரிந்த ஆட்கள் போதுமான அளவில் அந்த நிறுவனத்தில் வேலைக்கு இல்லை என்பதும் அப்போது வெளியே வந்தது. எந்த மொழியில் விளம்பரம் வாங்கிக் காசு பார்க்கிறார்களோ அந்த மொழியில் புகாரைப் படிக்கவும் ஆள் வைக்க வேண்டும். சட்டம் அந்த நிறுவனங்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பள்ளியில் இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். கண்ணூர் மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பே அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு நடத்தினார்கள். பிறகு மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தகவல் சரிபார்ப்பைத் தகவல் தொழில்நுட்பப் பாடப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் அது ஆர்வமுள்ள ஆசிரியரின் கையில் நிற்கிறது. ஆரணிப் பக்கத்துப் பள்ளிகளிலும் கூட்டுறவுச் சங்கக் கூடங்களிலும் நான் பேசுவது தலைமையாசிரியர் அழைப்பதாலும் சங்கத் தலைவர் அழைப்பதாலும்தான். அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு நிருபரின் ஓய்வு நேரத்தை நம்பி ஒரு மாவட்டம் இருக்கக் கூடாது.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்று: ஆறாம் வகுப்பிலிருந்தே இதைத் தமிழில், தமிழ்நாட்டுச் சம்பவங்களை வைத்து, பாடமாக்குங்கள். அத்திமூரை அதில் சேருங்கள். கைத்தறித் துறைக்கு இன்னொன்று: நெசவாளர் சங்கங்களுக்கு மறுப்புகளை ஆடியோவாக அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள், பேசுகிறவர் பெயரைச் சொல்லிப் பேசட்டும். பத்திரிகை முதலாளிகளுக்கும் சொல்கிறேன்: தாலுகா நிருபரை எடுத்துவிட்டுச் செலவைக் குறைக்காதீர்கள். ஊரில் ஒரு வதந்தி கிளம்பும்போது ஸ்டேஷனுக்கும் சம்பவ இடத்துக்கும் நேரில் போகிறவர் அந்த ஒருவர்தான். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் ஊர் நிருபரின் எண்ணை போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிடிப்பவன் என்று அடுத்த ஆடியோ வரும்போது, யாருக்கும் அனுப்பும் முன் அவரைக் கூப்பிடுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பார்.